நீரிழிவு உள்ள குழந்தையோடு வெளிநாட்டுப் பயணம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கும்போது, இங்கே தென்னாப்பிரிக்காவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்ட பெற்றோரிடமிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை பல வடிவங்களில் எழுகிறது. முதல் வகை நீரிழிவு உள்ள, அதாவது நாள்தோறும் இன்சுலின் போட்டே ஆக வேண்டிய ஒரு குழந்தையை அத்தனை தூரம் அழைத்துச் செல்லலாமா என்பதே அது. தாராளமாக அழைத்துச் செல்லலாம். விமானம் பலரையும் அச்சுறுத்துகிறது. எனக்கோ விமானத்தைவிட, இறங்கிய பிறகு மருந்துக்கடையிலும் உறவினர் வீட்டிலும் நடப்பவைதான் அதிகக் கவலை தருகின்றன. ஆகவே இம்மாதம் அத்தகைய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். இங்கே கூறுபவை பொதுவானவை. உங்கள் குழந்தையின் யூனிட் கணக்கை மாற்றுவதற்கு முன்பு, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பாகவே கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் மகளுக்கு வயது 9. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் ஆக்ட்ராபிட் (குறுகிய நேர இன்சுலின்), புரோட்டஃபேன் (நடுத்தர நேர இன்சுலின்) குப்பிகளையும் சிரிஞ்சையும் பயன்படுத்துகிறோம். டிசம்பரில் சென்னையிலும், பிறகு வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலுமாக ஐந்து வாரம் தங்கப் போகிறோம். என் கணவரின் முப்பாட்டனார் அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறி நேட்டாலுக்கு வந்தாராம். இன்சுலினைப் பாதி எடுத்துக்கொண்டு மீதியை அங்கே மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அது சரியா? கிராமத்து வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மருந்தை எப்படிக் காப்பது?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சகோதரி, விலையைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது சரிதான், ஆனால் அந்த மலிவான குப்பிக்குள் இருக்கும் மருந்தின் செறிவு வேறு. நமக்கு இங்கே மருத்துவமனையில் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இன்சுலின் இருக்கிறது. இந்திய மருந்துக்கடையில் போய் அதே ஆக்ட்ராபிட்டைப் பெயர் சொல்லிக் கேட்டால், ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் மட்டுமே உள்ள குப்பியைத்தான் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். அங்கே அதற்கென்று தனிச் சிரிஞ்சும் உண்டு. 40 செறிவுக்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100 செறிவுக்குரியதன் மூடி ஆரஞ்சு. குப்பியும் சிரிஞ்சும் தம் இணையோடு சேரும்வரை எந்தத் தீங்கும் இல்லை. இணை மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் இங்கிருந்து கொண்டுபோன சிரிஞ்சில் அந்த ஊர்க் குப்பியிலிருந்து 10 என்ற கோடுவரை இழுத்தால், குழந்தையின் உடலுக்குள் போவது 4 யூனிட் மட்டுமே. இரண்டு நாள் அப்படி நடந்தால் சர்க்கரை ஏறி, இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேர்ந்து, மருத்துவமனையில் படுக்க வேண்டியிருக்கும். மறுபுறம், இங்கிருந்து கொண்டுபோன மருந்தை அந்த ஊர்ச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடுவரை இழுத்தால் 25 யூனிட் போய்விடும். 9 வயதுக் குழந்தைக்கு அது உயிராபத்து.

2024இல் நம் பொது மருத்துவமனைகளில் மனித இன்சுலின் பேனாக்களுக்கு (பேனா வடிவ ஊசிக் கருவிகளுக்கு) தட்டுப்பாடு ஏற்பட்டுப் பலர் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திரும்பியதிலிருந்து, இந்தக் குழப்பத்துக்கு இடம் கூடிவிட்டது என்பதால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன். ஆகவே, ஐந்து வாரத்துக்குத் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு இன்சுலினும், சிரிஞ்சும், சர்க்கரை பார்க்கும் பட்டைகளும், விரலில் குத்தும் லான்செட்டுகளும் இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அவற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உங்கள் கைப்பையிலும் மறு பாதியைக் கணவரின் கைப்பையிலும் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மறு பை இருக்கும். சரக்குப் பெட்டியில் இன்சுலினை வைக்கவே கூடாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விடலாம் என்பது ஒரு காரணம்; விமானத்தின் அடிப்பகுதியில் குளிர் மிகுந்து மருந்து உறைந்துவிடலாம் என்பது மற்றொன்று. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வீரியம் இழந்திருக்கும். அதை எறிந்துவிட வேண்டியதுதான். எல்லா ஏற்பாட்டையும் மீறி அங்கே வாங்க நேர்ந்தால், குப்பியின் மேலட்டையில் செறிவைப் படித்து, அதற்குப் பொருந்தும் சிரிஞ்சை அதே கடையில் அதே வேளையில் வாங்குங்கள். பழைய சிரிஞ்சுகளைத் தனியே கட்டி வைத்துவிடுங்கள்.

இனிச் சேமிப்பு. திறக்காத குப்பிகளுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியை அறை வெப்பத்தில், 25 முதல் 30 பாகைக்கு மேற்படாத இடத்தில், ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். சரியான வரம்பு ஒவ்வொரு மருந்தின் தாளிலும் அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் போவது டிசம்பர் என்பது நல்லதாயிற்று. அந்த மாதத்தில் சென்னையின் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியே நிற்கும், வேலூர்ப் பக்கத்தில் இரவுகள் குளிர்ந்தே இருக்கும். ஜூன் விடுமுறையில் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நனைத்துப் பயன்படுத்தும் குளிர்பைகள் நீர் ஆவியாவதால் குளிர்பவை. நம் டர்பனைப் போலவே சென்னையிலும் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் அங்கே அவற்றின் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும், பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் சுத்தமாகக் குளிராது. கிராமத்தில் இதைவிட நம்பகமான வழி மண்பானை. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, மணலை நாள்தோறும் நனைத்து, மருந்தை நீர்புகாத டப்பாவில் இட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். உள்ளே வெளி வெப்பத்தைவிடப் பல பாகை குறைந்திருக்கும். அங்கேயும் பக்கத்து வீட்டிலோ கடையிலோ குளிர்சாதனப் பெட்டி இருந்தால், திறக்காத குப்பிகளை அதன் கதவுப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். மின்வெட்டில் பெட்டியைத் திறக்காமல் வைத்திருக்கும் பழக்கம் நம் நாட்டுக் குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். நம் மீட்டர் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் காட்டும். இந்தியாவில் மருத்துவர், செவிலியர், உறவினர் எல்லோரும் மில்லிகிராம் கணக்கில் பேசுவார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும்: 4 என்பது 72, 7 என்பது 126, 10 என்பது 180, 15 என்பது 270. உங்கள் மீட்டரில் 14 என்று கண்டால் அங்குள்ள பெரியம்மா குழந்தைக்குச் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று பதறிச் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடக்கூடும். உண்மையில் அது 252, ஏறியிருக்கிறது. இந்த நான்கு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி மீட்டர் உறைக்குள் வைத்துவிடுங்கள். அங்கே புதிய மீட்டர் வாங்கிக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு 6 வயது. இரவு 8 மணிக்குக் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின், சாப்பாட்டு வேளைகளில் துரித இன்சுலின், இரண்டும் பேனாவில். ஜொகானஸ்பர்க்கிலிருந்து துபாய் வழியாகத் திருச்சிக்குப் போகிறோம். விமான நிலையச் சோதனையில் ஊசிகளைப் பிடுங்கிக்கொள்வார்களா? விமானத்தில் நீரிழிவு உணவு என்று முன்பதிவு செய்யலாமா? நேர வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், லெனேசியா

பதில்: மருத்துவரின் கடிதம் கையில் இருந்தால் யாரும் எதையும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். அக்கடிதம் ஆங்கிலத்தில், மருத்துவமனையின் தலைப்புத் தாளில், குழந்தையின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதப்பட்டு, முதல் வகை நீரிழிவு என்ற நோய்ப்பெயரும், மருந்துகளின் வணிகப் பெயரோடு பொதுப் பெயரும், ஊசி, லான்செட், குளிர்விப்பான், பழச்சாறு ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டிய தேவையும் குறிப்பிட்டதாக இருக்கட்டும். திரவங்களுக்கான 100 மில்லிலிட்டர் வரம்பு மருந்துகளுக்குப் பொருந்தாது. ஆனால் சோதனை மேடையில் அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திராமல், வரிசையில் உங்கள் முறை வந்தவுடன் நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள். கைப்பையோடு எக்ஸ்ரே வழியாகப் போவதால் இன்சுலின் கெட்டுவிடாது. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுள்ள பிள்ளையாக இருந்தால், பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழையும், ஒருவர் மட்டும் உடன் செல்வதாயின் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்க வேண்டிய வேளையில் குடியேற்ற வரிசையில் தாள் தேடிக்கொண்டு நிற்கும்படி ஆகக்கூடாது.

நீரிழிவு உணவு வேண்டாம். விமான நிறுவனங்கள் அப்பெயரில் தருவது பெரியவர்களை மனத்தில் கொண்டு மாவுச்சத்தைக் குறைத்த உணவு. உங்கள் மகனுக்கு வேண்டியது கணக்கிடக்கூடிய மாவுச்சத்து, குறைந்த மாவுச்சத்து அன்று. வழக்கமான சைவ உணவையோ குழந்தைகளுக்கான உணவையோ சொல்லிவிட்டு, அவன் சாப்பிடக்கூடிய ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். துரித இன்சுலினை உணவுத் தட்டு அவன் முன்னால் வந்து, மூடியைத் திறந்து, இதைச் சாப்பிடுவான் என்று உறுதியான பிறகே போடுங்கள். வாசனை வருகிறதே என்று முன்னதாகப் போட்டுவிட்டால், விமானம் குலுங்கத் தொடங்கியதும் உணவு வண்டி பாதி வழியில் நின்றுவிடும். எது சாப்பிடுவான் என்று தெரியாத சிறுவர்களுக்கு, சாப்பிட்டு முடித்த உடனே போடுவதும் ஏற்கத்தக்கதே. பயணத்தின்போது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சர்க்கரை பாருங்கள், அவன் தூங்கினாலும். நெடுநேரம் உட்கார்ந்திருப்பதாலும் உற்சாகத்தாலும் சற்று ஏறியிருப்பது இயல்பு. விரட்டி விரட்டித் திருத்த ஊசி போட வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு. நமக்கு இரவு 8 என்றால் திருச்சியில் 11.30. துரித இன்சுலின் சாப்பாட்டோடு போவதால் அதற்குக் கடிகாரம் பொருட்டன்று. கிளார்ஜினுக்குத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு வழிகள் இருக்கின்றன. சில நாள் பயணமானால், நம் நாட்டு நேரத்தையே பிடித்துக்கொண்டு அங்கே இரவு 11.30க்குப் போடலாம், தூங்கும் குழந்தைக்குப் போடப் பெரும்பாலான தாய்மார் பழகியவர்களே. நீண்ட தங்கலானால், புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் நாளுக்கு அரை மணி நேரமாக முன்னுக்கு நகர்த்துங்கள். ஏழு நாளில் நம் நேரம் மாலை 4.30க்கு வந்துவிடும், அது திருச்சியில் இரவு 8. திரும்பி வந்த பிறகு அதே போல நாளுக்கு அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப் பழைய நேரத்துக்கு வரலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, ஏனென்றால் அதில் எந்த இரவிலும் ஊசியின் வீரியம் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் ஏறிக்கொள்வதில்லை, இடைவெளியும் விழுவதில்லை. இரவில் புரோட்டஃபேன் போடுகிறவர்கள் வந்திறங்கிய முதல் இரவே உள்ளூர் நேரத்துக்கு மாறுவது வழக்கம். ஆனால் அன்று விடியற்காலை 2, 3 மணிக்கு ஒரு முறை எழுந்து சர்க்கரை பார்ப்பது கட்டாயம்.

கேள்வி: என் பேரனுக்கு 11 வயது. பழனிக்குப் படியேறி வருவதாக நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவனும் வருவேன் என்கிறான். உறவினர் வீடுகளில் வேறு, சாப்பிடு சாப்பிடு என்று விடமாட்டார்கள். வயிற்றுப்போக்கு வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு பாட்டி, ஃபீனிக்ஸ்

பதில்: அம்மா, அவனை நிச்சயமாக அழைத்துச் செல்லுங்கள். பழனி மலைக்கு 693 படிகள். இழுவை ரயிலும் கம்பி ஊர்தியும் உண்டு என்றாலும், ஓடியாடும் 11 வயதுப் பையனுக்குப் படி ஒரு தடையன்று. ஆனால் படியேறுவது தசைகளுக்குக் கடும் வேலை. வெயிலில் தோல் சூடாகும்போது ஊசி போட்ட இன்சுலினும் விரைவாக உடலில் சேரும். ஆகவே ஏறுவதற்கு முன்பு சர்க்கரை 7க்குக் குறைவாக இருந்தால் ஒரு வாழைப்பழமோ சில பிஸ்கட்டுகளோ கொடுத்துவிட்டு ஏறட்டும். பாதி வழியில் மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். விரதம் இருந்துதான் ஏற வேண்டும் என்பது உங்களுக்கு இருக்கட்டும், அவனுக்கு வேண்டாம். தசைகள் இழந்த சர்க்கரையை அன்றிரவு முழுவதும் இரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால், படியேறிய நாளின் பின்னிரவில்தான் சர்க்கரை இறங்கும் வாய்ப்பு அதிகம். படுக்கும்போதும் விடியற்காலை 2 மணிக்கும் பாருங்கள். அன்றைய இரவு ஊசியைக் குறைப்பதா என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை 4க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, குளுக்கோஸ் மாத்திரையாகவோ, பழச்சாறாகவோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். பழனியில் கையில் பஞ்சாமிர்தம் இருக்கும், தித்திப்பாகவும் இருக்கும். ஆனால் அதில் நெய் சேர்ந்திருப்பதால் சர்க்கரை இரத்தத்துக்கு மெதுவாகவே போகும், அவசரத்துக்கு ஆகாது. சாக்லேட்டும் அப்படியே. முதலில் சீனித் தண்ணீர், ஏறிய பிறகு பிரசாதம். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; அதற்குத்தான் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் ஊசி. அது அங்கே நினைத்த கடையில் கிடைக்காது என்பதால் இங்கிருந்தே கொண்டுபோய், உடன் வரும் பெரியவர்கள் அனைவருக்கும் போடச் சொல்லிக் கொடுங்கள்.

உறவினர் வீட்டு விருந்தைப் பொறுத்தவரை, ‘இவனுக்கு இனிப்பே ஆகாது’ என்று சொல்லித் தப்பிப்பது எளிது. ஆனால் உண்மையன்று, பையனுக்கும் அது அவமானமாகப்படும். அவன் எதையும் சாப்பிடலாம், எண்ணிச் சாப்பிட்டு அதற்கேற்ப ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே உண்மை. இங்கே ரொட்டித் துண்டையும் மக்காச்சோளக் களியையும் எண்ணிப் பழகியவன் அங்கே இலையைப் பார்த்துத் திகைப்பான். நடுத்தர இட்லி ஒன்றில் ஏறத்தாழ 8 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம். ஒரு டம்ளர் இளநீரில் 10 கிராம். காபியில் சேரும் ஒவ்வொரு தேக்கரண்டிச் சீனிக்கும் 4 முதல் 5 கிராம். விருந்தில் தொந்தரவு தருவது இனிப்பைவிட, கேட்காமலே மீண்டும் மீண்டும் இலையில் விழும் சோறுதான், ஏனென்றால் அது எண்ணிக்கைக்குள் வருவதில்லை. வேண்டிய அளவை ஒரே தடவையில் வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு இலையை மடித்துவிடும் உரிமையை அவனுக்கு முன்கூட்டியே பெற்றுக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. பாட்டி சொன்னால் யாரும் மீற மாட்டார்கள்.

வயிற்றுப்போக்குப் பயம் நியாயமானதே. கொதித்த தண்ணீரோ மூடி உடையாத பாட்டில் தண்ணீரோ மட்டும் குடிக்கட்டும். வாந்தி வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் ஒருவர், ‘சாப்பிடவில்லையே, ஊசியை நிறுத்துங்கள்’ என்பார். நிறுத்தக் கூடாது. சாப்பிடாவிட்டாலும் உடலுக்கு அடிப்படை இன்சுலின் வேண்டும். அளவு கூடலாம் குறையலாம், இல்லாமல் போகக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையும் கீட்டோனும் பாருங்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அதில் குளுக்கோஸ் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. வாந்தி நிற்காமல் சர்க்கரை 15க்கு மேல் போய், இரத்தக் கீட்டோன் 1.5ஐத் தாண்டினால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்; 3ஐத் தாண்டினாலோ, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சிறுநீர்ப் பட்டை மட்டும் வைத்திருப்பவர்கள், நிறம் நன்றாக மாறியவுடனே கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். சென்னையில் எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையும், வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இத்தகைய குழந்தைகளைப் பார்த்துப் பழகியவை. மற்ற ஊர்களில் மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனைக்கே நேராகப் போய்விடலாம்.

கேள்வி: எங்கள் மகளுக்கு நோய் தெரிந்து நான்கு மாதம் ஆகிறது. தமிழ்நாட்டில் ஒரு வைத்தியர் இன்சுலினை நிறுத்திவிட்டு மூலிகையால் குணப்படுத்துவதாக மாமா சொல்கிறார். அவரிடம் காட்டத்தான் இந்தப் பயணமே. தங்கள் கருத்து?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அதற்காகத்தான் பயணம் என்றால் பயணச்சீட்டை ரத்து செய்துவிடுங்கள். பெரியவர்களுக்கு நடுவயதில் வரும் நீரிழிவில் உணவுக் கட்டுப்பாட்டாலும் எடைக் குறைப்பாலும் மருந்தைக் குறைத்தவர்கள் உண்டு. மாமா கேள்விப்பட்டது அவர்களைப் பற்றியதாக இருக்கலாம். உங்கள் மகளுடையது வேறு நோய். அவளுடைய நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. பாகற்காயோ வெந்தயமோ ஆவாரம்பூவோ, இல்லாத செல்லைச் சுரக்க வைக்க முடியாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரையில், இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தே போனார்கள். அக்காலத்திலும் மூலிகைகள் இருக்கத்தான் செய்தன.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். நோய் தெரிந்து ஊசி தொடங்கிய சில வாரங்களில், எஞ்சியிருக்கும் செல்கள் சற்றே தேறி, ஊசியின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும் ஒரு காலம் பல குழந்தைகளுக்கு வருகிறது. அது சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டும் நீடிக்கும், பிறகு முடிந்துவிடும். உங்கள் மகள் இப்போது இருப்பது அந்தக் காலமாக இருக்கலாம். அப்போது எந்தக் கஷாயத்தைக் குடித்தாலும் அந்தக் கஷாயம் குணப்படுத்தியதாகவே தோன்றும், ஊசியை நிறுத்திய ஓரிரு நாள் வரைக்கும் எல்லாம் சரியாக இருப்பது போலவும் தோன்றும். இத்தகைய வைத்தியர்களின் புகழ் பெரும்பகுதி இந்த மாதங்களில் விளைந்தது. மாமாவோடு வாதாட உங்களுக்கு மனமில்லை என்றால், ‘டர்பன் மருத்துவர் அனுமதிக்கவில்லை’ என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். ஊசியை நிறுத்தாமல் உறவினரைப் பார்க்கவும் கோயில்களுக்குப் போகவும் அந்தப் பயணத்தை மாற்றிக்கொள்வீர்களானால், எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

கேள்வி: மகனுக்கு 14 வயது, இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்பும், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரும் அணிந்திருக்கிறான். இவற்றோடு விமானத்தில் போகும்போது கவனிக்க வேண்டியவை என்ன?
– வாசகர், மிட்ராண்ட்

பதில்: உலோகச் சோதனை வாயில் வழியாகப் போவதால் பொதுவாகத் தீங்கில்லை, ஆனால் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள்ளும் உடல் முழுவதையும் படமெடுக்கும் அறைக்குள்ளும் கொண்டு செல்ல வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். உங்கள் கருவியின் கையேட்டில் உள்ள அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, மருத்துவர் கடிதத்தோடு இணைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். விமானம் ஏறும்போது அறையின் காற்றழுத்தம் குறைவதால் பம்பின் குழாயில் காற்றுக்குமிழி உண்டாகிச் சிறிதளவு இன்சுலின் தானாகவே உள்ளே போகலாம். இறங்கும்போது எதிர்மாறாக நடக்கும். குழாய் உள்ள பம்பானால், மேலேறும்போதும் தரையிறங்கும் முன்பும் சற்று நேரம் கழற்றி வைத்து, குமிழியை அகற்றிவிட்டு மாட்டுவது நல்லது. பேனா வைத்திருப்பவர்களும் தரையிறங்கிய பிறகு இரண்டு யூனிட் வெளியே விட்டுச் சோதித்த பிறகே போட வேண்டும்.

பம்பின் கடிகாரத்தைச் சென்று சேர்ந்த பிறகு மாற்றுங்கள், நடுவானில் வேண்டாம். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிட்டுப் புளூடூத்தை மட்டும் இயக்கினால் சென்சார் வேலை செய்யும். சென்சார்களைப் பயண நாட்களுக்கு மேல் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேர்வையில் ஒட்டு விட்டுப் போகும், வேறு நாட்டில் வாங்கிய சென்சார் உங்கள் செயலியோடு இயங்காமலும் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பம்பு பழுதானால் அன்றே ஊசிக்குத் திரும்பும்படி நீண்ட நேர இன்சுலினும் பேனாவும், அதற்குரிய அளவுகள் எழுதிய தாளும் பையில் இருக்க வேண்டும். பம்பில் இருப்பது துரித இன்சுலின் மட்டுமே என்பதால், அது நின்ற சில மணி நேரத்திலேயே கீட்டோன் சேரத் தொடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளி மாணவர் குழு கலை நிகழ்ச்சிக்காக மொரீஷியஸ் செல்கிறது. 13 வயது மாணவி ஒருத்திக்கு நீரிழிவு. பெற்றோர் உடன் வரவில்லை. அவளை விட்டுவிட்டுப் போவதே பாதுகாப்பு என்கிறார்கள் சில ஆசிரியர்கள்.
– ஆசிரியை, வெருலம்

பதில்: அவளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நேர வேறுபாடு இரண்டு மணி மட்டுமே. 13 வயதில் அவள் தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்பவளாக இருப்பாள். அவளுக்கு வேண்டியவர் ஊசி போடுகிறவர் அல்லர், அவள் முகம் வெளிறி, பேச்சு குழறி, காரணமில்லாமல் எரிந்து விழும்போது இது சர்க்கரை இறங்கியதால் என்று அடையாளம் காணக்கூடிய ஒருவர். அந்த ஒருவராக நீங்கள் இருக்க விரும்பினால், புறப்படும் முன்பு அவளுடைய மருத்துவமனைச் செவிலியரிடம் சென்று குளுக்ககான் போடவும் கீட்டோன் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். உடன் வரும் இன்னோர் ஆசிரியரும் பழகட்டும். நடன ஒத்திகை நீண்ட நாளில் அவள் சாப்பாடு தள்ளிப் போகக்கூடாது, மேடைக்குப் போகும் முன்பு சர்க்கரை பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும், அறையில் அவள் தனியாகத் தூங்கக்கூடாது. பெற்றோரின் பயண ஒப்புதலோடு, அவசர மருத்துவத்துக்கான ஒப்புதலையும் தனியே எழுதி வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் நோயை மறைக்காமல் குறிப்பிடுங்கள், மறைத்தால் பணம் வராது. மொரீஷியஸில் அவசர மருத்துவ உதவிக்கு 114 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அதை உங்கள் கைப்பேசியிலும் அவளுடைய கைப்பேசியிலும் பதிந்துவிடுங்கள்.